சிவப்புக்கு ஓடாத கண்

என் மாமா தங்கபாண்டிக்குத் தேடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் சண்டையில்லாமல் எல்லோரும் ஒப்புக்கொள்கிற விஷயம் அது ஒன்றுதான். வீட்டில் எது காணாமல் போனாலும் என் அம்மா, அதாவது அவருடைய அக்கா, "பாண்டிகிட்ட மட்டும் சொல்லிராதீகப்பா. பொருளையும் தேடி அவனையும் தேட எனக்குத் தெம்பில்ல" என்பார். மாமா அதற்கும் சிரிப்பார். அவர் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது. மூக்கு மட்டும் கொஞ்சம் விரியும். போடியில் பாதிப் பேர் மாதிரி எனக்குப் பேசிக்காட்ட வரும். மாமா மாதிரி மட்டும் வராது. பிடித்துக்கொள்ள அவரிடம் ஒரு நுனிகூட இருக்காது.

போடியிலிருந்து விடியும் முன்னே கிளம்பி, மலையுச்சியில் இருக்கிற மெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிற ஜீப்புகளில் ஒன்று அவருடையது. அவர் வண்டியில் வருவது எல்லாம் காய் எடுக்கப் போகிற பெண்கள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டை, இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. ஏறி உட்கார்ந்ததும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிவிடுவார்கள். மாமா வண்டி ஓட்டுவதைத் தொட்டில் ஆட்டுவது என்றுதான் சொல்லவேண்டும். கொண்டை ஊசி வளைவில்கூட ஒரு தலையும் கம்பியில் இடிக்காது. கீழே போடி வெறும் விளக்குகளாகக் கிடக்கும். வளைவுக்கு வளைவு அந்த விளக்குகள் தேய்ந்து, பாதி மலையில் மேகம் இறங்கிவந்து கண்ணாடி மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு உள்ளே பத்துப் பன்னிரண்டு பேருடைய மூச்சும் வெளியே இஞ்சின் முனகலும் மட்டும்தான். மலையே தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி இருக்கும்.

போன மழைக்காலத்தில் இந்தப் பெண்கள் எல்லோரும் அவருடைய ஜீப்பை விட்டு இறங்கிவிட இருந்தார்கள். ஆள் இறங்கிவிட்டால் வண்டி மெட்டு ஏறாது. மாமாவுக்கு வேறு சோலியும் தெரியாது.

தெரியாது என்பதைச் சின்ன வயதிலேயே அவர் காட்டிவிட்டார். அவரும் அம்மாவும் வளர்ந்தது குரங்கணிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில். பழம் எடுக்கிற காலம் வந்தால் வீட்டில் எல்லோரும் கூடையோடு இறங்கிவிடுவார்கள். பச்சைக்கு நடுவே சிவப்புப் பழம், ஒரு கொம்பைப் பார்த்தால் போதும், கண் தானாகவே பழத்துக்குப் பழம் தாவும், கை அதன் பின்னாலேயே போகும் என்பார் அம்மா. பேசிக்கொண்டே பறிக்கலாம், அரைத் தூக்கத்தில்கூடப் பறிக்கலாமாம்.

மாமாவுக்கு எதுவும் தாவவில்லை. அவருக்கு ஒரு கொம்பு என்பது உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்ட ஒரு கூட்டம், அவ்வளவுதான். ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்ப்பார். மெத்தென்று இருந்தால் பழம். அக்கா கூடை நிறைந்து இரண்டாவது கூடை எடுக்கும்போது இவர் கூடையின் அடிகூட மறைந்திருக்காது. மறைத்ததிலும் பாதி பச்சைக்காய்.

"கண்ணுக்கு முன்னால தொங்குது, கண்ணு எங்கடா மேயுது?" என்று அவர்களுடைய தாயார் கத்துவாராம். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அம்மா பேசிக்காட்டும்போது அம்மாவின் கழுத்து நரம்பு புடைக்கும். அதிலிருந்து சத்தத்தை நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மேய்ந்தது உண்மைதான். இலைகளின் இடுக்கில் வானம் சின்னச் சின்னத் துண்டாகத் தெரியும். மாமாவின் கண் அந்த நீலத்துக்குப் போய்விடும். போனால் திரும்பாது. மற்றவர்கள் எல்லாம் தன்னைவிட உன்னிப்பாகப் பார்க்கிறார்கள், தனக்குத்தான் சோம்பேறிக் கண் என்று நினைத்துக்கொண்டே அவர் பெரியவரானார்.

பிறகு கல்யாணம். ரேணுகா அத்தைக்கு ஊர் சிலமலை. பெண் பார்ப்பது போடியில் ஒரு கோயிலில் என்று ஏற்பாடு. "வேம்புக்குக் கீழ செவப்புச் சேலை கட்டிக்கிட்டு நிக்கும். நல்லாப் பாத்துக்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவர் நல்லாத்தான் பார்த்தார். வேம்பைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், கடைசியில் பக்கத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த மஞ்சள் சேலைப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். அத்தை அதைப் பார்த்துவிட்டது. இருந்தும் சம்மதம் சொன்னது. எதற்கு என்று கேட்டால், "வெள்ளந்தியாத் தெரிஞ்சாக" என்று சொல்லும். ஆனால் மனதில் ஒரு சின்ன முள் தைத்துவிட்டது. புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றால் இவர் கண் பக்கத்துச் சுவருக்குப் போகும். பூ வைத்தால் ஜன்னலுக்குப் போகும்.

"ஒங்க கண்ணு எம்மேல ஓடாதுங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொல்லும். அந்தச் சிரிப்பைப் பேசிக்காட்ட முயன்று நான் பாதியில் விட்டிருக்கிறேன்.

இனித் துண்டு விஷயம். ஏலச்செடி ஆளைவிட உயரம். காய் அதன் அடியில், மண்ணை ஒட்டி ஓடுகிற சரத்தில் இருக்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்கவேண்டும். ரோட்டிலிருந்து பார்த்தால் இலைகளின் கடல் மட்டும் தெரியும், உள்ளே மனுசி இருப்பது தெரியாது. இன்று ஒரு சரிவில் வேலை, நாளை வேறு சரிவில். அங்கே போனும் எடுக்காது. அதனால் சாயங்காலம் வேலை முடிந்த சரிவின் ஓரத்தில் மேடு பார்த்து ஏறி நிற்பார்கள். ஜீப்புக்காரர்கள் தோட்டத்து ரோட்டில் உருட்டிக்கொண்டே வந்து, தங்கள் ஆட்களுடைய தலைத்துண்டைப் பார்த்து நிறுத்துவார்கள். ஒரு ஜீப்புக்கு ஒரு நிறம். மாமாவின் ஆட்களுக்கு ரொம்ப நாளாக மஞ்சள். மஞ்சள் இருந்தவரை அவரும் மற்ற ஜீப்புக்காரர்களைப் போல நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டுதான் இருந்தார்.

போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு பெரிய கூட்டம் புதிதாக வந்தது. அவர்கள் தலையிலும் மஞ்சள். யார் ஆள் யார் ஜீப்பில் ஏறுகிறது என்று ஒரே குழப்பம். மாமாவின் ஜீப்புக்கு அரசாங்கம் மாதிரி ஒரு அம்மா உண்டு, கருத்தம்மாள். யார் எங்கே உட்காருவது, எந்தத் தோட்டத்துக்குப் போவது, தூங்கும்போது யார் குறட்டை விடலாம் எல்லாம் அவர் உத்தரவு. அவர் முடிவு செய்தார்.

"செவப்பு. அம்புட்டுதேன். செத்தவனும் திரும்பிப் பாக்குற கலரு."

புதுத் துண்டுகள் வந்தன. சந்தோஷமாகக் கட்டிக்கொண்டார்கள். முதல் நாள் சாயங்காலம் மேட்டில் வரிசையாக நின்றார்கள். தூரத்தில் ஜீப்பு வந்தது. கிட்டே வந்தது. மாமா அவர்கள் பக்கமாகத் திரும்பிச் சரிவை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, கியரை மாற்றிக்கொண்டு, தாண்டிப் போய்விட்டார்.

கருத்தம்மாளின் குரல் மலையில் இடித்துத் திரும்பி வந்தது. "ஏ பாண்டீ! எங்கிட்டுடா போற? ஆளத் தெரியலயா, இல்ல ஆளே வேணாமா?"

இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காய் உலர்த்துகிற கொட்டகை வரைக்கும் காலி வண்டியாகவே போய்ச் சேர்ந்தார். அங்கே தோட்டத்து சூப்பர்வைசர், மலையாளத்துக்காரர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "எந்தா பாண்டி, வண்டி காலி? பெண்ணுங்ஙளெ எவிடெ கொண்டு களஞ்ஞு?" பெண்களை எங்கே கொண்டுபோய்த் தொலைத்தாய் என்று கேட்டிருக்கிறார்.

அன்று அதைச் சிரித்துக் கடத்திவிட்டார்கள். இரண்டாம் தடவையும் கடந்தது. அதன்பிறகு சிரிப்பு குறைந்தது. மழை பிடித்துக்கொண்டது. அட்டைக் கடியோடும் ஈரச் சட்டையோடும் நிற்கிறவர்களைத் தாண்டி ஒரு ஜீப்பு போவது, திரும்பி வருவதற்குள் இருட்டிக்கொண்டு வருவது, அந்தப் பக்கம் யானை இறங்கியதாகப் பேச்சு வருவது, இதெல்லாம் சேர்ந்து வேடிக்கையாக இல்லை. மாமா பயந்துபோய் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னப்பு, மொட்டப் பாறைக்கெல்லாம் எறங்கிக் கும்புடு போட்டுட்டு வர்றியா?" என்றார் கருத்தம்மாள். "வீட்டுல போயி உலை வைக்கணும்ப்பா. எங்களுக்குத் தலையில கொம்பு மொளைச்சாத்தேன் ஒங் கண்ணுக்குத் தெரியுமா?"

"நாளைலருந்து நல்லாப் பாக்குறேன் ஆத்தா."

"இதையேதேன் நேத்தும் சொன்ன. கேட்டுக்க. இன்னொரு தடவ எங்களத் தாண்டிப் போனேன்னா, நாங்க சீனிச்சாமி வண்டியில ஏறிக்கிருவோம். அவன் வண்டியில எடம் கெடக்கு."

வண்டிக்குள் யாரும் மறுத்துப் பேசவில்லை. அத்தையும் அந்த வண்டியில்தான், ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு, முன்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தபிறகு ஒன்றே ஒன்று கேட்டது. "அத்தன பேரு வேணாம். எந் துண்டுகூடவா தெரியல?"

மாமா போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தார். கண்ணில்தான் ஏதோ தூசி என்று அவர் நினைப்பு.

அதற்கடுத்து ஒரு நாள். மழை விட்டு, மேகம் செடிகளுக்கு மேல் பஞ்சுப்பொதி மாதிரி படுத்திருந்த சாயங்காலம். அன்று கருத்தம்மாள் எந்த வம்பும் வேண்டாம் என்று நடு ரோட்டிலேயே வந்து நின்றுகொண்டதால் மாமா சரியாக நிறுத்திவிட்டார். ஆனால் ஆட்களில் அத்தை இல்லை.

"ஓடைக்கு அங்கிட்டு வழுக்கிருச்சு அவளுக்கு. கால் பெசகிருச்சு. பாறை மேல உக்கார வச்சிருக்கோம்" என்றார் கருத்தம்மாள். "நீ வெரசாப் போயிக் கூட்டிட்டு வா. நாங்க ஆளுக்கொரு சாமானா ஏத்துறோம்."

மாமா இறங்கி ஓடினார். ஓடைக்கு இந்தக் கரையில் போய் நின்றார். அந்தக் கரை முழுக்க ஏலச்செடி. நடுவே பாசி பிடித்த பாறைகள்.

அத்தை உட்கார்ந்திருந்தது நேர் எதிரே. கல்லெறி தூரம்கூட இல்லை. தலையில் துண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அசையாமல். மாமா வருவதை அது பார்த்தது. அவர் நேராகத் தன் முகத்தைப் பார்ப்பதையும் பார்த்தது. கூப்பிட வாயைத் திறந்தது. அதற்குள் அவர் பார்வை நகர்ந்துவிட்டது.

அந்தப் பழைய முள்தான் அத்தையின் வாயை மூடியது. கூப்பிட மாட்டேன், பார்க்கட்டும், எவ்வளவு நேரம்தான் பார்க்காமல் இருக்கிறார் என்று நானும் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டது. பிறகு அது என்னிடம் சொன்னது இது. அது சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும், நானும் அப்படியே சொல்கிறேன்.

"ஒங்க மாமா கண்ணு ஓடுச்சு பாரு. அப்பிடி ஒரு ஓட்டம் நான் பாத்ததே இல்ல. மருந்தடிக்கிற நீல டிரம்மு ஒண்ணு கெடந்துச்சு, அதுக்குப் போச்சு. பழுத்த எலை ஒண்ணு மஞ்சளாத் தொங்குச்சு, அதுக்குப் போச்சு. தண்ணி மினுக்குனா அங்க போகும். வெள்ளையா ஒரு பூச்சி பறந்துச்சு, அது பின்னாலயே போச்சு. நடுவுல எம்மேல வரும். வந்து, பாறைய எப்பிடித் தாண்டுமோ அப்பிடி என்னயத் தாண்டிப் போயிரும். ஒரு தடவ இல்ல. வந்து வந்து தாண்டுது. மொகம் மட்டும் வெளுத்துக்கிட்டே வருது. ஒதடு ஆடுது. ஓடை என்னய இழுத்துட்டுப் போச்சோன்னு தண்ணியப் பாக்குறாக. அழுதுருவாக போல இருக்கு. எனக்கு அப்பத்தேன் வெளங்குச்சு. இவுக பாக்க மாட்டேங்கல. இவுகளுக்குத் தெரியல."

மேகம் இருவருக்கும் நடுவே மெதுவாக ஓடையோடு இறங்கிக்கொண்டிருந்தது. அத்தை கையைத் தூக்கி லேசாக அசைத்தது. அவ்வளவுதான். மாமாவின் கண் ஒரே தாவலில் வந்து அதன் விரல்களில் நின்றது.

தண்ணீரில் அப்படியே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கன இருந்த?"

"இங்கனதேன்."

"இம்புட்டு நேரம் ஏன் கூப்புடல?"

"இம்புட்டு நேரம் ஏன் பாக்கல?"

அத்தை தலையிலிருந்து துண்டை அவிழ்த்து, பக்கத்து ஏல இலை மேல் விரித்துப் போட்டது.

"இது என்ன கலரு?"

"செவப்பு."

"யாரும் சொல்லாம இருந்தா?"

மாமா ரொம்ப நேரம் பார்த்தார். இலையைத் தொட்டார், துண்டைத் தொட்டார். "நெழலு மாதிரி இருக்கு" என்றார். "எலைக்கு அடியில கெடக்குற நெழலு மாதிரி."

அத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ரோட்டுக்கு வந்தது. கருத்தம்மாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கால் வீக்கம் வடிந்ததும், போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கண் முகாமுக்கு மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. நானும் கூடப் போனேன்.

அங்கே சோதனை செய்கிறவர் வினோத்குமார் என்று ஓர் இளைஞர். எதையும் மூச்சு விடாமல் சொல்கிறவர். புள்ளி புள்ளியாக நிறம் போட்ட அட்டைகளை மாமா முன்னால் நீட்டினார். "உள்ள என்ன நம்பர்ண்ணே?"

"நம்பரா? புள்ளிதேன் இருக்கு."

"இதுல?"

"இதுலயும் புள்ளிதேன். நெறையப் புள்ளி."

அத்தை பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. அதற்கு எண் பளிச்சென்று தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. அந்த நிமிடம் மாமாவைக் கிண்டல் செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வினோத்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அண்ணே, கண்ணு ஒரு எடத்துல நிக்காதுண்ணே. வினாடிக்கு ரெண்டு மூணு தடவ தாவிக்கிட்டே இருக்கும். எங்க தாவணும்னு நீங்க சொல்றதில்ல, நீங்க யோசிக்கிறதுக்குள்ள மூளை சொல்லிரும். நடு மண்டையில சின்னதா ஒரு மேடு இருக்கு. அதுதான் கண்ணுக்கு 'அங்க போ, இங்க போ'ன்னு ஆர்டர் போடுற எடம். இப்ப, அந்த மேட்டுக்கு ரெண்டு ரோடுன்னு வச்சுக்கங்க."

ரோடு என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு குறுக்கு ரோடு. எதாவது அசைஞ்சா, திடீர்னு மின்னுனா, அந்தச் சேதி கண்ணுலருந்து நேரா மேட்டுக்கு வந்துரும். இன்னொண்ணு சுத்து ரோடு. கலர் சேதி அதுலதான் வரும். பின் மண்டைக்குப் போயி, இது என்ன கலருன்னு அங்க பிரிச்சு, அப்புறம் மேட்டுக்கு வரும். சுத்துனாலும் கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துரும். பச்சைக்குள்ள செவப்பு இருந்தா எல்லாருக்கும் கண்ணு தானா ஓடுது பாருங்க, அது அந்த ரோட்டுல வர்ற லோடு."

"எனக்கு அந்த ரோடு இல்லையா?"

"ரோடு நல்லாத்தான் இருக்கு. நீலம், மஞ்சள் லோடெல்லாம் ஒழுங்கா வருது. செவப்பு லோடு மட்டும் கெளம்புற எடத்துலயே ஏத்தல. உங்க கண்ணுக்கு செவப்பும் பச்சையும் ஏறக்கொறைய ஒண்ணு. பொறக்கும்போதே அப்படி. அம்மா வழியில வர்றது. வளைவு, குழி, எதிர்ல வர்ற வண்டி எல்லாம் உங்களுக்கு நல்லாத் தெரியுது. முன்னாடி போற வண்டி பிரேக்கு லைட்ட மட்டும் மத்தவங்களவிடக் கொஞ்சம் முன்னாலயே கவனிங்க, தள்ளியே போங்க."

"மருந்து?"

"இல்லண்ணே."

மாமா தலையாட்டினார். வெளியே வந்து மண்டபத்து வாசலில் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்தார். அதுவே அன்று எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். "எங்க ஆத்தா குடுத்த கண்ணு. அதுக்கு எங்க ஆத்தாகிட்டயே அம்புட்டு வசவு வாங்கியிருக்கானே" என்றார். அன்றைக்குக் கழுத்து நரம்பு புடைக்கவில்லை.

இப்போது கருத்தம்மாளிடம் சொல்லவேண்டும். மாமா மறுத்துவிட்டார். "கண்ணு தெரியாத டிரைவர்னு பேரு வந்துரும். தாண்டிப் போனதுக்காவது பாதிப் பேரு எறங்குவாக. இதச் சொன்னா எல்லாரும் எறங்கிருவாக."

"சொல்லாமத் தாண்டிப் போறதுக்கு, சொன்னதக் கேட்டுட்டே எறங்கட்டும்" என்றது அத்தை.

மறுநாள் விடியலில், வண்டி மேகத்துக்குள் நுழைந்து எல்லோரும் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்த நேரத்தில், அத்தை சொல்லிவிட்டது. சத்தம் போடாமல், இருட்டைப் பார்த்துக்கொண்டே, ஓடைக்கரையிலிருந்து அட்டைப் புள்ளி வரைக்கும் சொன்னது. ஒவ்வொரு தலையாகத் தோளை விட்டு நிமிர்ந்தது.

"அப்ப ரோடு?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"ரோடு என்ன செவப்பாவாடி கெடக்கு?" என்று கருத்தம்மாள் அதட்டினார். ஆனால் அவரும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மெட்டில் டீக்கடைக்கு முன்னால் மாமா வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சினை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமல் பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"ரேணுகா சொன்னது நெசம். ரோட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்ல, அது ஒங்களுக்கே தெரியும். ஆனா இந்தத் துண்டு எனக்குத் தெரியாது. இன்னைக்குத் தாண்டிப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ண எனக்கு வாய் வரல. பயமா இருந்தா எறங்கிக்கங்க. சீனிச்சாமி வண்டி பின்னாலதேன் வருது."

கருத்தம்மாள் இறங்கினார். அவர் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள், இறங்கினார்கள். மாமா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"எறங்கு நீயும்" என்றார் கருத்தம்மாள். "எனக்கு நம்பிக்கை இல்ல. நான் பாக்கணும்."

அப்புறம் நடந்ததைப் பார்த்த டீக்கடைக்காரர், பாலைப் பொங்கவிட்டதற்கு இன்னும் அவர்களைத்தான் குற்றம் சொல்கிறார். அப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. கருத்தம்மாள் தன் படையை ரோட்டோரப் புல் சரிவில் அங்கங்கே போய்ப் புதர் பக்கமாகக் குந்தச் சொன்னார். சிவப்புத் துண்டு சரிவெங்கும் பூத்த மாதிரி இருந்ததாம். மாமாவைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்.

"எத்தன பேரு தெரியுது?"

மாமா பார்த்தார். மேகம் கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. "சீலை தெரியுது ரெண்டு. அங்கன ஒரு நீலச் சட்டை."

"இவ? ஒனக்கு நேரா இருக்காளே இவ?"

"எவ?"

"அடப்பாவி மனுசா!" கருத்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தலைத்துண்டை உருவி, கோழியை விரட்டுவது போல ஓங்கி ஓங்கி வீசிக்கொண்டே சரிவில் ஏறினார். "இந்தா இருக்கா! இந்தா ஒருத்தி! இந்தா!" ஒவ்வொரு வீச்சுக்கும் மாமாவின் தலை, நூல் கட்டி இழுத்த மாதிரி, துண்டோடு திரும்பியது. கருத்தம்மாள் நின்றார். துண்டைக் கையில் தொங்கவிட்டார். மாமாவின் கண் அலைந்தது. கருத்தம்மாள் சட்டென்று துண்டை ஒரு உதறு உதறினார். கண் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கமாக ஓடிப்போய் உதறினார். அங்கேயும் வந்தது.

"ஏய், இங்க பாருங்கடி" என்றார் குரல் மாறி. "ஆட்டுனா வர்றான்."

சரிவில் ஒவ்வொருத்தியாக எழுந்து துண்டை அவிழ்த்தார்கள். ஒரு மூலையில் ஒருத்தி வீசினாள், பிறகு இன்னொரு மூலையில். அந்த அரை வெளிச்சத்தில், மேகத்துக்குள், சத்தமே இல்லாமல் துண்டுகள் எழும்பி எழும்பித் தணிந்தன. மாமாவின் கண் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் போனது. ஒன்றைக்கூட விடவில்லை. அவர் மூக்கு விரிந்திருந்தது.

அப்போது சீனிச்சாமியின் ஜீப்பு மேலே ஏறி வந்து, ஹாரன் அடித்து நின்றது. "என்னத்தா, விடியக்காலைல கும்மியா? வண்டி பழுதா? ஏறுறீகளா?"

எல்லோரும் கருத்தம்மாளைப் பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"நீ போப்பா. எங்க வண்டி நல்லாத்தேன் இருக்கு."

வண்டியில் ஏறும்போது அத்தை மெல்லக் கேட்டது, துண்டையே மாற்றிவிடலாமா என்று.

"எதுக்கு மாத்தணும்? எனக்குச் செவப்பு எடுப்பா இருக்கு" என்றார் கருத்தம்மாள். "கண்ண மாத்த முடியாது. கலர மாத்த மாட்டேன். கையத்தேன் ஆட்டணும், ஆட்டுவோம்."

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் மாமாவோடு முன்சீட்டில் போனேன். கனத்த மேகம். தோட்டத்து ரோட்டில் உருட்டிக்கொண்டே போனோம். சரிவுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கரைந்து கரைந்து வந்தன. கண்ணை அகல விரித்துக்கொண்டு நான் சிவப்பைத் தேடினேன். எங்கேயும் சிவப்பு இல்லை, எல்லாம் சாம்பல். இன்னும் கொஞ்சம் போகவேண்டும் போல என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜீப்பு நின்றிருந்தது. மாமா என் பக்கத்து ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிற இடத்தை நானும் பார்த்தேன். வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு அங்கே ஏதோ ஒன்று ஆடுவது தெரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"எப்ப மாமா பாத்தீக?"

"அப்பவே" என்றார்.

மேகத்துக்குள்ளிருந்து கருத்தம்மாளின் குரல் மட்டும் முதலில் இறங்கி வந்தது. "பாத்துட்டான்டி, போதும், நிறுத்துங்கடி. கை கழண்டு போச்சு."

ஒரு துண்டு மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அது யார் என்று நான் கேட்கவில்லை. மாமா இறங்கிப் பின்னால் போய், அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, கையால் துழாவிப் பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டார்.